காம் தண்டுக்கு நேரம் குறித்தல்

கைத்தொழிலில் நேரும் பிழைகள் இருவகைப்படும். செய்த அக்கணமே கண்ணிற் படும் பிழை ஒன்று. தச்சன் பலகையைக் கட்டையாக அறுத்துவிட்டால் அது பொருந்தாது. பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். மற்றைய வகைப் பிழையோ ஒளிந்திருப்பது. வேலை முழுவதும் முடிந்து, மூடியும் பூட்டி, எண்ணெயும் வார்த்து, அனைத்தும் அழகாய் அமைந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கும் வேளையில் வெளிப்பட்டு, பல மாத உழைப்பை ஒரு நொடியில் வீணாக்குவது அது. பழைய பந்தயக் கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி மீண்டும் பூட்டுவோர் அஞ்சும் பிழை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. காம் தண்டுகளுக்கு நேரம் குறிப்பதில் நேரும் பிழையே அது.

இதனை விளக்குதற்குத் தக்க உதாரணம் இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் பிறந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சின் ஆகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நகர் விமானக் குண்டுகளுக்கு இலக்காயிற்று. 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி இரவு அதன் பழம்பெரும் தேவாலயமே எரிந்து அழிந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தீக்காவல் என்றொரு கடமை இருந்தது. எரிகுண்டு விழுந்தால் உடனே அணைப்பதற்காகச் சிலர் இரவு முழுவதும் விழித்திருத்தல் வேண்டும். தொழிற்சாலையின் அதிபர் வில்லியம் லயன்ஸ், தலைமைப் பொறியியலாளர் வில்லியம் ஹெய்ன்ஸ், அவருடன் பணியாற்றிய வால்ற்றர் ஹசன், குளோட் பெய்லி ஆகியோர் இக்காவல் இரவுகளில் ஒன்றுகூடி, போர் முடிந்தபின் செய்யவேண்டிய எஞ்சினைப் பற்றி உரையாடினர். அழிவுக்குக் காவலிருந்தோர் ஆக்கத்தைப் பற்றிச் சிந்தித்தனர் என்பது நினைக்குந்தோறும் மகிழ்ச்சி தருவதாகும்.

அவ்வுரையாடல்களின் விளைவு 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 என்னும் காரில் உலகின் பார்வைக்கு வந்தது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த அவ்வெஞ்சினின் கொள்ளளவு 3442 கன சென்ரிமீற்றர். அதன் அலுமினியத் தலையின்மீது இரு காம் தண்டுகள் இணையாக அமைந்திருந்தன. ஒரு தண்டு கலவையை உள்ளே விடும் வால்வுகளையும், மற்றையது எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வுகளையும் திறந்தன. இரட்டை மேற்காம் தண்டு என்னும் ஏற்பாடு அன்று புதியதன்று. 1912ஆம் ஆண்டிலேயே பேஜோ நிறுவனத்தின் கார் அத்தகைய எஞ்சினைக் கொண்டு பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தை வென்றது. ஆயினும், பந்தயத்துக்கும் பெருஞ் செல்வர்க்கும் உரியதாயிருந்த அவ்வேற்பாட்டைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் துணிந்தமை ஜாகுவாரின் சாதனையாகும்.

இவ்வெஞ்சின் பூட்டிய கார்கள் பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வென்றன. 1953இல் ரோனி றோல்ற், டங்கன் ஹமில்ற்றன் ஆகிய இருவரும் ஓட்டிய கார், அப்பந்தயத்தின் வரலாற்றில் முதன்முறையாக மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தை எட்டியது. ஓர் இரவும் ஒரு பகலும் ஓயாது ஓடும் எஞ்சினில் வால்வு ஒவ்வொன்றும் தன் நேரம் தவறாது திறந்து மூடினாலன்றி இவ்வெற்றி கிட்டியிராது. 1961ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான ஈ ரைப் காரில் இவ்வெஞ்சின் 3781 கன சென்ரிமீற்றராகப் பெருத்திருந்தது. இவ்வினத்தின் உற்பத்தி 1992இல் முற்றாக நின்றது. இன்று அக்கார்களை வைத்திருப்போர் பலர், தேய்ந்த எஞ்சின்களைத் தாமே கழற்றிப் புதுப்பிக்கின்றனர். அவர்களது பணியைத் தொடர்ந்து நோக்கினால் நேரம் குறித்தல் என்பதன் பொருள் தெளிவாகும்.

முதலில், எதற்கு நேரம் குறிக்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும். பெற்றோல் எஞ்சினில் நிகழும் தொழில் நான்கு. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. மேலேறி அதனை அமுக்குகிறது. தீப்பொறி பட்டு எரிந்த கலவை பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் ஏறும் பிஸ்டன் எரிந்த வாயுவை வெளியேற்றுகிறது. இந்நான்கும் முடிவதற்குக் கீழேயுள்ள கிராங்க் தண்டு இரு சுற்றுச் சுற்றுகிறது. அவ்விரு சுற்றுக்குள் ஒவ்வொரு வால்வும் ஒரேயொரு முறை திறக்கவேண்டும். ஆகவே காம் தண்டு ஒரு சுற்று மாத்திரமே சுற்றவேண்டும். கிராங்க் தண்டின் பாதி வேகமே காம் தண்டின் வேகம்.

பிஸ்டன் இறங்கத் தொடங்கும்போது உள்வால்வு திறந்து, அது அடிநிலையை அடைந்ததும் மூடினால் போதும் என்றே எவருக்கும் தோன்றும். உண்மை அவ்வாறன்று. ஈ ரைப் காரின் 3.8 லீற்றர் எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் விதித்த கணக்கு இது: பிஸ்டன் உச்சநிலையை அடைவதற்கு 15 பாகை முன்னரே உள்வால்வு திறக்கிறது, அடிநிலையைக் கடந்து 57 பாகை சென்ற பின்னரே மூடுகிறது. வெளிவால்வோ அடிநிலைக்கு 57 பாகை முன்னர் திறந்து, உச்சநிலைக்கு 15 பாகை பின்னர் மூடுகிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னரும் உள்வால்வைத் திறந்து வைத்திருப்பது ஏன்?

இதற்கு விடை காற்றின் இயல்பிலேயே உள்ளது. தேர்த்திருவிழா நாளிற் கோயில் வாசலூடாக உட்புகும் சனத்திரளை எண்ணிப் பார்க்கலாம். முன்னாற் செல்வோர் நின்றுவிட்டாலும் பின்னால் வருவோர் நெருக்கித் தள்ளிக்கொண்டே இருப்பர். கூட்டம் உடனே ஓய்வதில்லை. குழாயினுள் விரைந்து வரும் கலவையும் அத்தகையதே. பிஸ்டன் திரும்பிய பின்னரும் அதன் விரைவு அடங்குவதில்லை. அவ்விரைவைப் பயன்படுத்தி மேலும் சிறிது கலவையைச் சிலிண்டரினுள் நிறைப்பதற்காகவே வாசல் தாமதித்து மூடப்படுகிறது. ஆனால் அளவு கடந்து தாமதித்தால், ஏறிவரும் பிஸ்டன் உட்புகுந்த கலவையை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். எனவே பொருத்தமான பாகையைத் தேர்வதிலேயே எஞ்சினின் வலிமை தங்கியுள்ளது.

இப்பாகைகள் எவ்வளவு சிறுபொழுதிற் கடந்து செல்கின்றன என்பதும் கருதத்தக்கது. கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றும்போது, ஒரு சுற்றுக்குச் செல்லும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் 12 கூறு. உள்வால்வு திறந்திருக்கும் 252 பாகையையும் கடக்க எட்டுக் கூறுக்குச் சற்று மேலாகவே செல்லும். தமிழ் இலக்கணகாரர் கண்ணிமைப் பொழுதை மாத்திரை என வகுத்து, எழுத்தின் ஒலிக்கு அளவாகக் கொண்டனர். அவ்வொரு கண்ணிமைப் பொழுதுக்குள் இவ்வெஞ்சினின் வால்வு ஒவ்வொன்றும் நான்கு முறையேனும் திறந்து மூடிவிடும். அந்நேரத்தில் அதனைக் கண்டு திருத்தவல்லார் எவருமில்லை. எஞ்சின் அசையாதிருக்கும்போதே, கையால் மெல்லத் திருப்பி, எல்லாவற்றையும் முன்கூட்டிக் குறித்துவிடல் வேண்டும்.

கிராங்க் தண்டின் சுழற்சியைக் காம் தண்டுகளுக்குக் கொண்டு செல்வன சங்கிலிகள். எக்ஸ்.கே. எஞ்சினில் இரு சங்கிலிகள் உண்டு. கீழ்ச் சங்கிலி கிராங்க் தண்டிலிருந்து ஓர் இடைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மேற்சங்கிலி அவ்விடைச் சக்கரத்திலிருந்து இரு காம் தண்டுகளையும் சுழற்றுகிறது. சங்கிலியின் பற்சக்கரத்தைக் காம் தண்டுடன் நேரே பூட்டிவிட்டால் ஓர் இடர்ப்பாடு எழும். சக்கரத்தில் முப்பது பற்கள் உள்ளன எனக் கொண்டால், ஒரு பல் மாறும்போது காம் தண்டு 12 பாகை மாறும். அது கிராங்க் தண்டின் கணக்கில் 24 பாகை. ஒன்றிரண்டு பாகையை நாடும் வேலைக்கு இருபத்துநான்கு பாகைப் படி எவ்வகையிலும் உதவாது.

ஆகவே பற்சக்கரத்துக்கும் காம் தண்டுக்கும் இடையில் ஒரு சிறு தட்டு அமைக்கப்பட்டது. அதன் ஓரத்தில் நுண்பற்கள் நெருங்கிச் செதுக்கப்பட்டுள்ளன; பற்சக்கரத்தின் உட்புறத்திலும் அவற்றுக்கு இணையான நுண்பற்கள் உள்ளன. தட்டை முன்னே இழுத்து, நுண்பற்களை விடுவித்து, வேண்டிய அளவு திருப்பி, மீண்டும் உள்ளே செருகலாம். சங்கிலியைத் தொடாமலே காம் தண்டின் நேரத்தை நுணுக்கமாக மாற்றுவதற்கு இவ்வேற்பாடு வழிசெய்கிறது. காம் தண்டின் நேரம் பின்னாளில் விலகக்கூடும் என்பதை எஞ்சினை ஆக்கியவர்களே எதிர்பார்த்தனர் என்பதற்கு இத்தட்டே சான்று.

நேரம் விலகுவதற்கான காரணங்கள் பல. நெடுநாள் ஓடிய எஞ்சினின் அலுமினியத் தலை வெப்பத்தால் வளைந்திருக்கும். அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவர். அவ்வாறு சீவுந்தோறும் காம் தண்டுகள் கிராங்க் தண்டை நோக்கிச் சற்றுக் கீழிறங்கும், சங்கிலி தளரும், தளர்வை இறுக்கும்போது காம் தண்டுகள் முன்னைய நிலையிலிருந்து விலகும். பெரும்பாலும் அவை பின்தங்கும். பழைய சங்கிலி தேய்ந்து நீண்டிருப்பினும் விளைவு இதுவே. புதிய சங்கிலியும் புதிதாகத் தேய்த்துச் சீராக்கிய காம் தண்டும் பூட்டும்போது கணக்கு மறுபடியும் மாறும். ஆதலால், கழற்றியபோது இருந்த குறியிலேயே திரும்பப் பூட்டினேன், இனி அச்சமில்லை என்று சொல்வதற்கு இடமில்லை. குறி அன்றைய எஞ்சினுக்கு உரியது. இன்று பூட்டப்படுவது வேறோர் எஞ்சின்.

தேர்ந்த பொறிவினைஞன் நேரம் குறிக்குமுன் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்கிறான். காமுக்கும் அதன் கீழுள்ள கிண்ணத்துக்கும் நடுவே உள்வால்வுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 கூறும், வெளிவால்வுக்கு 6 கூறும் இடைவெளி இருத்தல் வேண்டும். இதற்கெனக் கிண்ணத்தினுள் சிறு உருக்கு வில்லைகள் வைக்கப்படுகின்றன. அவ்வில்லைகள் ஆயிரத்தில் 85 கூறு தொடக்கம் 110 கூறு வரை, கூறுக்கு ஒன்றாக இருபத்தாறு தடிப்புகளிற் செய்யப்பட்டு, ஆங்கில அரிச்சுவடியின் இருபத்தாறு எழுத்துக்களாற் பெயரிடப்பட்டுள்ளன. இவ்வேலையின்போது ஒரு காம் தண்டை மாத்திரமே தலையிற் பூட்டவேண்டும் என்பது விதி. இரண்டையும் பூட்டி ஒன்றைத் திருப்பினால், சாய்ந்து நிற்கும் உள்வால்வும் வெளிவால்வும் ஒன்றோடொன்று முட்டி வளைந்துவிடும். பூட்டிய தலையை மேசைமீது கவிழ்த்து வைப்பதும் தவறு. திறந்து நிற்கும் வால்வுகள் அடிப்பரப்புக்கு வெளியே நீண்டிருக்குமாதலால், மரக்கட்டைகளின்மேல் அதனை உயர்த்தியே வைத்தல் வேண்டும்.

அடுத்தது, பிஸ்டனின் உண்மையான உச்சநிலையைக் கண்டறிதல். எளிதெனத் தோன்றும் இவ்வேலையிலேதான் பலர் தவறுகின்றனர். உச்சநிலைக்கு அருகிற் பிஸ்டன் அசையாததுபோல் நிற்கும். கிராங்க் தண்டு உச்சத்திலிருந்து 5 பாகை திரும்பினாலும் பிஸ்டன் ஏறக்குறைய கால் மில்லிமீற்றரே இறங்கும். ஒரு பாகைக்கோ ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு கூறளவே இறங்கும். பிஸ்டன் ஏறி நின்றுவிட்டது எனக் கண்ணால் மதிப்பவன் இரண்டு மூன்று பாகை தவறுதல் இயல்பே. முன்புறச் சக்கரத்தில் தொழிற்சாலையார் இட்ட குறியும் எப்போதும் நம்பத்தக்கதன்று. அச்சக்கரத்தின் வெளிவளையம் அதிர்வைத் தணிப்பதற்காக இறப்பரால் ஒட்டப்பட்டது. பல்லாண்டு சென்று இறப்பர் நைந்தால் வளையம் நழுவும். குறியும் அதனுடன் நழுவும். பார்வைக்கு எவ்வித மாற்றமும் தெரியாது.

எனவே தலையைப் பூட்டுமுன்னரே வேறொரு வழியைக் கையாளுகின்றனர். பாகைகள் பொறித்த வட்டத்தகடு ஒன்றைக் கிராங்க் தண்டின் முனையிற் பூட்டி, அசையாத ஒரு கம்பியை அதற்குச் சுட்டியாக வைக்கின்றனர். பிஸ்டனின் தலைமீது டயல் கேஜின் முனையை நிறுத்துகின்றனர். பிஸ்டன் ஏறிவரும்போது ஒரு குறித்த உயரத்தில் வட்டத்தகட்டின் பாகையைக் குறித்துக்கொள்கின்றனர். உச்சத்தைக் கடந்து இறங்கும்போது அதே உயரத்தில் மீண்டும் குறிக்கின்றனர். இவ்விரு பாகைகளின் நடுப்புள்ளியே உண்மையான உச்சநிலை. பிஸ்டன் விரைந்து அசையும் இரு இடங்களை அளந்து, அது அசையாத இடத்தைக் கண்டுபிடிக்கும் இவ்வழி மிக எளியது, மிக உறுதியானது.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. உலகின் பெரும்பாலான எஞ்சின்களில் முன்னாலுள்ள சிலிண்டரே முதலாவது. இவ்வெஞ்சின்களிலோ பின்னாலுள்ளது முதலாவது, முன்னாலிருப்பது ஆறாவது. நேரம் குறிக்கும்போது இவ்வாறாவது பிஸ்டன் கலவையை அமுக்கி உச்சநிலையில் நிற்கவேண்டும். தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் கருவியின் கையும் ஆறாம் சிலிண்டருக்குரிய முனையை நோக்கவேண்டும். முதலாம் பிஸ்டனும் ஆறாம் பிஸ்டனும் ஒருங்கே மேலேறுவன. ஆகையால் எண்ணை மாற்றிக்கொண்டவனுக்குப் பிஸ்டனைப் பார்த்து ஐயம் எழாது. ஆனால் தீப்பொறி ஒரு முழுச் சுற்று விலகி விழும், எஞ்சின் இயங்காது.

இனித் தலையைப் பூட்டிய பின் நிகழ்வது நேரம் குறித்தல். காம் தண்டு ஒவ்வொன்றின் முன்முனை விளிம்பிலும் ஒரு வெட்டு உண்டு. அதிற் பொருந்துமாறு செய்த உருக்கு அளவி ஒன்றைத் தலையின்மேற் பரப்பில் ஊன்றி வைத்தால், அளவி வெட்டினுள் இறுகப் பொருந்தும் நிலையே காம் தண்டின் சரியான நிலை. முதலில் மேற்சங்கிலியின் இறுக்கத்தைச் சரிபார்க்கவேண்டும். சங்கிலி விறைத்து நிற்றலாகாது. பற்சக்கரங்களுக்குக் கீழே இருபுறத்திலும் விரலால் அழுத்தச் சற்று நெகிழ்ந்து கொடுத்தல் வேண்டும். பின்னர் பற்சக்கரங்களைத் தண்டுகளிலிருந்து விடுவித்து, அளவியின் துணைகொண்டு இரு தண்டுகளையும் நிலைநிறுத்தி, உச்சநிலை பிசகவில்லை என்பதை மறுபடியும் பார்த்துக்கொள்கின்றனர். நுண்பற்தட்டைத் தாங்கும் வில்வளையத்தைக் கழற்றி, தட்டை முன்னே தள்ளி விடுவித்து, அதன் இரு துளைகளும் காம் தண்டின் இரு துளைகளுக்கும் நேரே வரும்வரை திருப்புகின்றனர்.

துளைகள் முற்றிலும் நேர்படவேண்டும் என்பதே இவ்விடத்தில் உயிரான விதி. சிறிது விலகியிருந்தால் திருகாணி உள்ளே போகாமல் விடாது. பலத்தைப் பிரயோகித்தால் போகும். ஆனால் அது போகும்போது காம் தண்டைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். அரும்பாடுபட்டுக் குறித்த நேரம் அச்சிறு பலவந்தத்தாற் கெட்டுவிடும். நேர்படாத தட்டைக் கழற்றி 180 பாகை திருப்பிப் போட்டால், நுண்பற்களின் அமைப்பின் காரணமாகத் துளைகள் வேறோரிடத்தில் அமைந்து பெரும்பாலும் பொருந்திவிடும். பலத்தால் முடிக்க நினைப்பவனுக்கு ஆக்கியோர் பொறுமையால் முடிக்க ஒரு வழியை வைத்திருந்தனர் என்க.

எட்டுந் திருகாணியை முதலிற் பூட்டி, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பி, மறைந்திருந்த மற்றைய துளைகள் மேலே வந்ததும் எஞ்சியவற்றைப் பூட்டுகின்றனர். பற்சக்கரங்கள் தண்டுகளுடன் இணைக்கப்படும்வரை கிராங்க் தண்டையோ காம் தண்டையோ ஒருபோதும் திருப்பலாகாது. அனைத்தும் பூட்டியபின் முதலிற் சங்கிலியின் இறுக்கத்தையும், அதன்பின் காம் தண்டுகளின் நேரத்தையும் மறுபடி சோதிக்கவேண்டும். இவ்வரிசை மாறலாகாது. இறுக்கம் மாறினால் நேரமும் மாறும் அன்றோ? இறுதியிலே திருகாணிகள் கழலாதவாறு புதிய கம்பியாற் பிணைக்கின்றனர்.

இத்துடன் பலர் நிறுத்திக்கொள்வர். கவனமுள்ளவனோ இன்னொரு படி செல்கிறான். காம் தண்டு புதிதாகத் தேய்க்கப்பட்டதாயின், அதன் முனை வெட்டு சரியாயிருந்தும் காம்களின் மூக்கு விலகியிருக்கலாம். எனவே வால்வின் அசைவையே அவன் அளக்கிறான். தயாரிப்பாளர் தந்த 15 பாகையும் 57 பாகையும், இடைவெளியை ஆயிரத்தில் 10 கூறாக வைத்துச் சோதிப்பதற்கு உரியவை. இதனை அறியாது, ஓட்டத்துக்குரிய 4 கூறு இடைவெளியை வைத்துச் சோதிப்பவனுக்கு வேறு பாகைகள் கிடைக்கும். சரியாயிருக்கும் எஞ்சினைத் தவறென்று கருதித் திருத்தத் தொடங்குவான். இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கும் வழி, வால்வு முற்றாகத் திறந்து நிற்கும் நடுப்புள்ளியைக் காண்பதாகும். சமச்சீரான காமின் நடுப்புள்ளி, இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் மாறுவதில்லை.

கணக்கு எளிது. உள்வால்வு திறந்திருப்பது 252 பாகை. அதிற் பாதி 126. உச்சநிலைக்கு 15 பாகை முன்னரே திறப்பதால், 126இலிருந்து 15ஐக் கழிக்க எஞ்சுவது 111. ஆகவே உச்சநிலைக்கு 111 பாகை பின்னர் உள்வால்வு முழுதாகத் திறந்திருக்கவேண்டும். வெளிவால்வுக்கு அதே 111 பாகை, உச்சநிலைக்கு முன்னர். டயல் கேஜை உள்வால்வின் கிண்ணத்தின்மேல் வைத்துத் திருப்பும்போது, வால்வு இறங்கிவரும் வழியில் ஒரு குறித்த அளவு 61ஆம் பாகையிலும், மூடிச் செல்லும் வழியில் அதே அளவு 169ஆம் பாகையிலும் காணப்பட்டதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 115. வேண்டியது 111. காம் தண்டு 4 பாகை பின்தங்கியுள்ளது. இவை கிராங்க் தண்டின் பாகைகள். காம் தண்டு பாதி வேகமுடையது. ஆகவே தண்டை அது சுழலும் திசையில் 2 பாகை முன்னே திருப்பினாற் போதும். இவ்விருமடங்குக் கணக்கை மறந்து 4 பாகை திருப்புவோன் பின்தங்கிய பிழையை முந்திய பிழையாக மாற்றுவான்.

நாலு பாகையால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். உள்வால்வு தாமதித்து மூடினால் குறைந்த வேகத்தில் கலவை பின்னோக்கித் தள்ளப்பட்டு, எஞ்சின் சோர்ந்து இழுக்கும். முந்தி மூடினால் குறைந்த வேகத்தில் இழுவை கூடும். ஆனால் உயர்ந்த வேகத்தில் சிலிண்டர் நிறையாது மூச்சுத் திணறும். இரு தண்டுகளையும் தனித்தனியே திருப்பக்கூடிய இவ்வெஞ்சினில், உச்சநிலையை அடுத்து இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் 30 பாகை இடைவேளையும் கூடக் குறையும். இவை வலிமையைப் பற்றியவை. பிழை பெரிதானால் நிகழ்வது அழிவு. அவ்விடைவேளையிற் பிஸ்டன் மேலே நிற்கிறது. இரு வால்வுகளும் அதனை நோக்கிச் சற்றே நீண்டு நிற்கின்றன. அவற்றிடையே உள்ள வெளி மிகச் சிறிது. தலையைச் சீவியதால் அவ்வெளி மேலும் குறைந்திருக்கும்.

அவ்வெளியையும் ஊகத்துக்கு விடாமல் அளப்பதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. பிஸ்டனின் தலைமீது சிறுவர் உருவங்கள் செய்யும் மென்களிமண்ணை ஒட்டி, தலையைப் பூட்டி, நேரத்தைக் குறித்து, எஞ்சினைக் கையால் இரு முழுச் சுற்றுத் திருப்புகின்றனர். பின்னர் மறுபடியும் தலையைக் கழற்றிப் பார்த்தால் வால்வுகள் பதிந்த அடையாளம் களிமண்ணில் இருக்கும். மிக மெல்லிய இடத்தைக் கத்தியால் வெட்டி அதன் தடிப்பை அளக்கின்றனர். பூட்டியதை மீண்டும் கழற்றுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் வளைந்த வால்வுகளையும் துளைபட்ட பிஸ்டனையும் மாற்றுவதிலும் அது இலகுவானது.

இவ்விரு சுற்றுக்களின்போதே தொழிலாளியின் குணம் சோதிக்கப்படுகிறது. எஞ்சின் முழுவதும் புதியது. எல்லாம் இறுக்கமாகவே திரும்பும். ஓரிடத்தில் ஸ்பானர் வழமைக்கு மாறாகத் தடைப்படுகிறது. இறுக்கம்தான் காரணம் என்று மனம் சொல்கிறது. நேரமோ நள்ளிரவு. இன்னும் சிறிது அழுத்தினால் வேலை முடிந்துவிடும். அவ்வேளையிற் கையை எடுத்துவிட்டு, தடை எங்கிருந்து வருகிறது என்று தேடுபவனே எஞ்சினைக் காப்பாற்றுகிறான். தொடக்கி மின்மோட்டாருக்கு இத்தகைய உணர்ச்சி இல்லை. பொத்தானை அழுத்தியதும் அது தன் பலம் முழுவதையும் செலுத்தும். வால்வு வளைந்ததை ஒரு சத்தத்தால் மாத்திரமே அறிவிக்கும். ஆகவே கையால் திரும்பாத எஞ்சினை ஒருபோதும் மின்னாற் சுழற்றுதல் தகாது.

கணிதம் கற்கும் மாணவன் விடையைக் கண்டபின் அவ்விடையிலிருந்து வினாவுக்குத் திரும்பிச் சென்று சரிபார்ப்பான். காம் தண்டுக்கு நேரம் குறிப்பவனும் அவ்வாறே செய்கிறான். தொழிற்சாலைக் குறியை அவன் இகழ்வதில்லை, அதிலிருந்தே தொடங்குகிறான். ஆனால் அதனோடு நின்றுவிடுவதுமில்லை. குறி வழியைக் காட்டும். அளவே ஊர் வந்ததா என்று சொல்லும். எல்லாவற்றையும் இருமுறை சோதித்தபின் ஒரு காலை வேளையில் பொத்தானை அழுத்தும்போது, எஞ்சின் ஓரிரு முறை இருமி, பின் சீராக முழங்கத் தொடங்கும். காம் மூடியின் அடியில் பன்னிரு வால்வுகளும் தத்தம் முறைப்படி திறந்து மூடிக்கொண்டிருக்கும். அருகில் நிற்போருக்கு அங்கே கேட்பது ஓர் எஞ்சினின் ஓசை. அதனைப் பூட்டியவனுக்கோ, அளந்த கணக்குப் பிழைக்கவில்லை என்னும் நிம்மதி.